கட்டில் விரிக்கப் போன ஏழு நாள்

குமார், உன் வகுப்பில் வாத்தியார் ஒவ்வொருவரிடமும் அப்பாவுக்கு என்ன வேலை என்று கேட்டபோது, "சிங்கப்பூர்ல கட்டில் விரிக்கிறாரு" என்று நீ எழுந்து நின்று சொன்னாயாம். வகுப்பே சிரித்ததாம். நீ மூக்கைச் சிந்திக்கொண்டு வீட்டுக்கு வந்ததாக உன் அக்கா செல்வி எழுதியிருந்தாள். அவர்கள் சிரித்தது தப்பில்லை. எனக்கே முதலில் சிரிப்பாகத்தான் இருந்தது. நம் தோட்டத்து லயத்து வீட்டில் பாயைச் சுருட்டி மூலையில் சாத்தி வைக்க எவ்வளவு நேரம் ஆகிறது? அந்த வேலைக்காக ஒரு மனுஷன் பாஸ்போர்ட் எடுத்துக்கொண்டு கடல் தாண்டிப் போவானா? போனேன். போன முதல் ஏழு நாளில் பார்த்ததையும் பட்டதையும் உங்கள் இரண்டு பேருக்கும் எழுதுகிறேன். நான் தோட்டப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவன். எழுத்தில் பிழை இருக்கும், விஷயத்தில் பொய் இருக்காது.

நான் கிளம்பின வருஷம் நம் டிவிஷனில் பாதி ரப்பர் மரத்தைச் சாய்த்துச் செம்பனை நட்டார்கள். மரம் குறைந்தது, பாலுக்காக மரம் வெட்டுகிற ஆள் குறையவில்லை. அப்போதுதான் தோட்டத்து ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி ஐயா என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். அவர் யாழ்ப்பாணத்துக் குடும்பம். அவர் பேசுவதைக் கேட்டால் திட்டுகிறாரா கொஞ்சுகிறாரா என்று எனக்கு எப்போதும் சந்தேகம்.

"முனுசாமி, இஞ்ச வாரும். சிங்கப்பூரில என்ர மச்சான் இருக்கிற ஹோட்டலுக்கு இஞ்சயிருந்து ஆள் எடுக்கினம். ஆறு மாசப் பயிற்சி. அறை துப்புரவு, கட்டில் விரிக்கிறது. நீர் மலாய் நல்லாக் கதைப்பீர், உடம்பும் சுகம். போறீரோ?"

"ஐயா, எனக்குத் தெரிஞ்ச கட்டிலு ஆஸ்பத்திரிக் கட்டிலு ஒன்னுதான்."

"தொடக்கத்துக்கு அது காணும்."

ஒரு நிபந்தனை இருந்தது. முதல் ஒரு வாரம் சோதனை. சனிக்கிழமை தேறினால் ஆறு மாசம் அங்கே. தேறாவிட்டால் அன்றைக்கே பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்ப வேண்டும். மானேஜர் எனக்குக் கொடுத்த லீவும் சரியாக ஒரு வாரம்தான். எங்களை வேலை வாங்கும் மண்டோர், அதாவது உங்களுக்கெல்லாம் பயம் காட்டும் அந்த முனியாண்டி மண்டோர், எல்லார் முன்னாலும் விரலை நீட்டிச் சொன்னார்.

"டேய் முனுசாமி, லீவு முடிஞ்ச திங்கக்கெழம பெரட்டுல ஒன் மூஞ்சி தெரியலேன்னு வெச்சுக்க, பேர வெட்டிருவேன். அப்பறம் மண்டோரு சொல்லலேன்னு வந்து நிக்கக் கூடாது லா."

விடியற்காலையில் ஆள் எண்ணி வேலை பிரிக்கும் அந்தப் பெரட்டில் பேர் வெட்டுப்பட்டால் மறுபடி எழுத மாட்டார்கள். வெளியே எத்தனையோ பேர் காத்துக்கொண்டிருந்தார்கள். உங்கள் அம்மாவும் மரம் வெட்டுவதால் தோட்டம் கொடுத்த வீடு போகாது. ஆனால் வீட்டில் ஒரு சம்பளம் போய்விடும். ஆகவே நான் தேற வேண்டும், இல்லையென்றால் திங்கட்கிழமைக்குள் திரும்பிவிட வேண்டும். இரண்டில் ஒன்று.

முதல் வேலையாகக் கோலா சிலாங்கூருக்குப் போய்க் கறுப்புச் சப்பாத்து வாங்கினேன். மைல்கல் கணக்கில் பதினோரு கட்டை தூரம், நம் பஸ் வந்த நேரம்தான் நேரம். சீனக் கடைக்காரர் என் காலைப் பார்த்தார், சப்பாத்தைப் பார்த்தார், மறுபடி காலைப் பார்த்தார். "இதைப் போட்டு ஒரு வாரமாவது நடந்து பழகு. உன் கால் இதுவரை யார் சொல்லையும் கேட்டதில்லை போல" என்று மலாயில் சொன்னார். சாயந்திரம் லயத்து முன்னால் செம்மண் ரோட்டில் நடந்து பழகினேன். "என்னா முனுசாமி, தொர ஆயிட்டியா? எங்களுக்கு எப்ப பெரட்டு?" என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். உங்கள் அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டே பார்த்துவிட்டு, "கோழி கூட இத விட நல்லா நடக்குது" என்றாள். செல்வி, நீயும் சிரித்தாய். எனக்கு ஞாபகம் இருக்கிறது.

ஹோட்டல் அறை எப்படி இருக்கும் என்று ஒரு தடவையாவது பார்த்துவிட்டுப் போகலாம் என்று தோன்றியது. கோலா சிலாங்கூரில் கலங்கரை விளக்கம் இருக்கும் குன்றின் பக்கம் ஒரு தங்கும் விடுதி இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டவர் பாக் டின் என்ற மலாய்க்காரர். கூச்சத்தோடு விஷயத்தைச் சொன்னேன். அவர் சாவியை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார். ஒரு கட்டில், ஒரு கொசுவலை, ஒரு காற்றாடி, ஜன்னலில் ஒரு சோப்புத் துண்டு. நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு சாம்பல் குரங்கு கையை நீட்டி அந்தச் சோப்பை எடுத்துக்கொண்டு மரத்தில் ஏறிவிட்டது. பாக் டின் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "தினமும் இதே நேரம்தான்" என்றார். பிறகு எனக்குச் சொன்னார்: "வருகிறவனுக்கு மூன்று வேண்டும். தண்ணீர் வர வேண்டும், காற்றாடி சுற்ற வேண்டும், நாம் அவனிடம் எந்தக் கேள்வியும் கேட்கக் கூடாது. அந்த மூன்றாவதுதான் நமக்குக் கஷ்டம்." உண்மை. எனக்கு அப்போதே அவரிடம் கேட்க இருபது கேள்வி இருந்தது.

மருத்துவப் பரிசோதனைக்கு நெஞ்சுப் படம் எடுக்கத் தஞ்சோங் காராங் போனேன். வழியெல்லாம் வாய்க்காலும் பச்சை நெல்லும். பஸ் ஜன்னல் பக்கம் இருந்த மலாய்க்காரப் பாட்டி ஒருவர், வரப்பில் நின்ற கொக்கை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே வந்தார். இறங்கும்போது "எண்பத்து மூன்று" என்று என்னிடம் சொல்லிவிட்டு இறங்கினார். ஏன் எண்ணினார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நானும் திரும்பி வரும்போது எண்ணினேன். நாற்பதுக்கு மேல் குழம்பிவிட்டது.

கட்டில் பாடத்தைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரஸ்ஸர்தான் ஆரம்பித்து வைத்தார். அவரும் நானும் ஒன்றாகப் பந்து விளையாடியவர்கள். காலியாக இருந்த கட்டிலில் வெள்ளை விரிப்பைப் போட்டு, கால்மாட்டு மூலையை முக்கோணமாக மடித்து உள்ளே செருகிக் காட்டினார். நான் செய்தால் அது கட்டுச்சோற்று மூட்டை மாதிரி வந்தது. பக்கத்துக் கட்டிலில் காய்ச்சலோடு படுத்திருந்தவர், "அண்ணே, அவரு சிங்கப்பூர் போறதுக்குள்ள நான் செத்துருவேன் போல, கொஞ்சம் சத்தம் இல்லாம மடிங்க" என்றார். டிரஸ்ஸர் விடவில்லை. "இன்னும் ஒரு வாட்டி. காய்ச்சக்காரனுக்கும் காசுக்காரனுக்கும் மூலை ஒன்னுதான்டா" என்றார். முப்பது தடவைக்கு மேல் மடித்திருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை கிளம்பினேன். எந்த பஸ், எங்கே மாறினேன் என்பதெல்லாம் சொல்லி உங்களைத் தூங்க வைக்கப் போவதில்லை. எல்லையில், ஜொகூர்ப் பாலத்தில் நடந்ததை மட்டும் சொல்கிறேன். பாஸ்போர்ட்டில் முத்திரை குத்த எல்லாரையும் இறக்கிவிட்டார்கள். நான் முத்திரை வாங்கிக்கொண்டு, இறங்கின இடத்துக்கே திரும்பி வந்து நின்றேன். நம் தோட்டத்து லோரி எங்கே இறக்கிவிடுகிறதோ அங்கேயே வந்துதானே ஏற்றும்? கால் மணி நேரம் நின்றேன். பஸ் வரவில்லை. என்னோடு வந்தவர்கள் ஒருவரையும் காணோம். என் பெட்டி அந்த பஸ்ஸில்.

ஒரு சீக்கியப் பெரியவர், போலீஸ் இல்லை, காவலாளி மாதிரி இருந்தார், என்னைப் பார்த்து மலாயில் கேட்டார்: "யாருக்குக் காத்திருக்கிறாய்?"

"என் பஸ்ஸுக்கு."

"அது இங்கே வராது. அந்தப் பக்கம் போய் உன்னைத் திட்டிக்கொண்டு நிற்கும். ஓடு!"

ஓடினேன். கட்டடத்தின் மறுபக்கம் பஸ் உறுமிக்கொண்டு நின்றது. டிரைவர் சீன மொழியில் சொன்னது எனக்குப் புரியவில்லை. அது நல்லதுக்குத்தான். உள்ளே போனதும் பின் இருக்கையில் இருந்த ஒரு தம்பி, "அண்ணே, ஒங்களுக்காக நான்தான் டிரைவர்கிட்ட கெஞ்சினேன், எனக்கு ஒரு கோப்பி" என்றான். அவன் பேர் சேகர். ராவாங் தொழிற்சாலையில் வேலை செய்தவன், பிறந்தது உலு யாம் பக்கத்துத் தோட்டம், வளர்ந்தது டவுனில். பேசிப் பார்த்தால் அவனும் அதே ஹோட்டலுக்கு, அதே பயிற்சிக்குத்தான் போகிறான். "ஸேம் ஸேம் லா அண்ணே! ஆனா எனக்கு ரப்பர் மரம்னா பஸ் ஜன்னல்ல பாக்கிறதுதான். மரம் சீவுற உளியப் புடிச்சதே இல்ல" என்றான்.

திங்கட்கிழமை. ஹோட்டலுக்குள் நாங்கள் முன் வாசலால் போகவில்லை. பின்னால், கீழே இறங்கும் ஒரு வாசல். பூமிக்கடியில் ஒரு சின்ன ஊரே இருந்தது. துணி துவைக்கிற கூடம், தையல்காரர், நாற்காலி செய்கிற தச்சர், இறைச்சி வெட்டுகிறவர்கள், எங்களுக்குச் சாப்பாடு போடும் கேண்டீன். மேலே வெள்ளைக்காரர்கள் காலாட்டிக்கொண்டு கோப்பி குடிக்கும்போது கீழே இத்தனை பேர் ஓடுகிறார்கள் என்று யாருக்குத் தெரியும்! லிப்டில் முதல் தடவை ஏறினபோது வயிறு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் போனோம். நான் சுவரைத் தொட்டுக்கொண்டு நின்றதைப் பார்த்து சேகர், "அண்ணே, அது மாடு இல்ல, தடவிக் குடுக்காதீங்க" என்றான்.

எங்களுக்குப் பொறுப்பு மிஸ் லிம். ஐம்பது வயது இருக்கும். செல்வி உயரம்தான். பேசுவது மலாயும் சீனமும் இங்கிலீஷும் கலந்த ஒரு பேச்சு. அவர் ஓர் அறையைத் திறந்து, "இங்கே என்ன இருக்கிறது, பார்த்துச் சொல்" என்றார். நான் சுற்றிப் பார்த்துவிட்டு, "கட்டில், மேசை, டிவி, விளக்கு" என்றேன். மிஸ் லிம் சொல்லிக்கொண்டே போனார். சின்ன சோப்பு, பெரிய சோப்பு, ஊசி நூல் பொட்டலம், சப்பாத்து துடைக்கும் துணி, எழுதக் காகிதம், உறை, சட்டை மாட்ட எட்டு மரக்கொக்கி, நான்கு அளவில் துண்டு. ஒரே உடம்பைத் துடைக்க நான்கு அளவில் துண்டு எதற்கு என்று கேட்டேன். "முகத்துக்கு, கைக்கு, உடம்புக்கு, காலடிக்கு" என்றார். நம் வீட்டில் ஒரே துண்டு நான்கு பேரைத் துடைக்கிறது.

அன்றைக்கு மத்தியானம் கேண்டீனில் சாப்பிட்டது: சோறு, கருவாட்டுச் சம்பல், தௌஹூ என்கிற காய்ந்த சோயாக் கட்டி, ஏதோ கீரை. பக்கத்தில் உப்பு முட்டையோடு அரிசிக் கஞ்சி குடித்தார்கள். நாம் காய்ச்சல் வந்தால் குடிக்கிற கஞ்சியை அங்கே ஆரோக்கியமானவர்களும் குடிக்கிறார்கள். ருசி பார்த்தேன். முட்டை நன்றாக இருந்தது, கஞ்சி கஞ்சிதான்.

செவ்வாய்க்கிழமை குளியலறைப் பாடம். சுவரோடு ஒரு வெள்ளைத் தொட்டி, ஆள் படுத்துக்கொள்ளும் நீளம். இதில் தண்ணீர் நிரப்பி வைத்து மொண்டு குளிப்பார்கள் என்று நினைத்து, "மொள்ளுகிற குவளை எங்கே?" என்று கேட்டேன். மிஸ் லிம் என்னைத் தொட்டிப் பக்கம் இழுத்து நிறுத்தினார். பிறகு, அதற்குள்ளே இறங்கிப் படுத்துக்கொள்வார்கள் என்று விளக்கினார். அழுக்குத் தண்ணீரிலேயே படுத்துக்கொண்டா? ஆமாம். பிறகு? பிறகு எழுந்து போய்விடுவார்கள். நான் அதற்கு மேல் கேட்கவில்லை. பாக் டின் சொன்ன மூன்றாவது பாடம் அது. ஆனால் குழாயைத் திருப்பினால் கொதிக்கிற தண்ணீர் வருகிறதே, விறகு எங்கே எரிகிறது என்று மட்டும் இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன். தச்சரைக் கேட்டால் துவைக்கிற கூடத்தைக் கேள் என்கிறார். அவர்களைக் கேட்டால் தச்சரைக் கேள் என்கிறார்கள்.

புதன்கிழமை சீக்கிரம் விட்டார்கள். சேகரும் நானும் வெளியே நடந்தோம். அடுக்குமாடி வீடுகளில் ஜன்னலுக்கு வெளியே மூங்கில் கழியை நீட்டித் துணி காயப்போட்டிருக்கிறார்கள். பத்தாவது மாடியிலிருந்து ஒரு சட்டை கழன்று ஆடி ஆடி வந்து மரத்தில் உட்கார்ந்தது. அதன் சொந்தக்காரர் மேலிருந்து எட்டிப் பார்த்தார், ஒன்றும் செய்ய முடியாமல் ஜன்னலைச் சாத்திக்கொண்டார். ஒரு தமிழ்ச் சாப்பாட்டுக் கடையில் ரொட்டி சானாய் கேட்டேன். கல்லில் நின்றவர், "அதெல்லாம் இங்க இல்ல. புராட்டா இருக்கு" என்றார். வந்தது பார்த்தால் நம் ரொட்டி சானாய்.

"இதத்தானே அண்ணே நாங்க கேட்டோம்?" என்றான் சேகர்.

"கேட்டத யாரு குடுத்தா? நான் புராட்டால்ல குடுத்தேன். எந்த ஊரு?"

"கோலா சிலாங்கூரு" என்றேன்.

"அங்க என்னா இருக்கு?"

 "கொரங்கு" என்று சொல்லிவிட்டேன். அந்த மனுஷர் விழுந்து விழுந்து சிரித்து, குழம்பு இன்னொரு கரண்டி ஊற்றினார்.

இனி வியாழக்கிழமை. இதைத்தான் உங்களுக்குக் கவனமாகச் சொல்ல வேண்டும்.

அதுவரை இரண்டிரண்டு பேராக வேலை செய்தோம். வியாழக்கிழமை முதல் தடவையாக ஆளுக்கு எட்டு அறை கொடுத்தார்கள். எல்லாம் ஆள் காலி பண்ணிப் போன அறைகள். என் எட்டும் ஏழாவது மாடியில், ஒரே வரிசையில். அந்த நீள நடையைப் பார்த்ததும் எனக்கு மனசு தெளிந்தது. இது என் நிரை, எனக்குப் பங்கு போட்ட மர வரிசை மாதிரி. நிரையில் வேலை செய்ய எனக்கா சொல்லித்தர வேண்டும்?

நாம் எப்படி மரம் வெட்டுகிறோம்? முதல் சுற்றில் ஒரு மரம் விடாமல் எல்லா மரத்தையும் சீவிக்கொண்டே போவோம். மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணத்தில் பால் வடியும். கொஞ்சம் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, மறுபடி முதல் மரத்திலிருந்து பாலை எடுத்துக்கொண்டே வருவோம். ஒவ்வொரு மரத்தடியிலும் நின்று பால் வடிகிறவரை காத்திருப்பவன் பைத்தியக்காரன். அதே மாதிரி நான் எட்டுக் கதவையும் திறந்தேன். எட்டுக் கட்டிலிலும் விரிப்பை உருவினேன், தலையணை உறையைக் கழற்றினேன், ஈரத் துண்டுகளை வாரினேன், குப்பையைக் கொட்டினேன். எட்டுக் குளியல் தொட்டியிலும் சோப்புத் தூளைத் தூவி ஊற வைத்தேன். மணி பதினொன்று. முதல் சுற்று முடிந்தது. மற்றவர்கள் மூன்றாவது அறையில் இருந்தார்கள். நான் எல்லாரையும் விட முன்னால் இருக்கிறேன் என்று நினைத்து, நடையின் கோடியில் இருந்த வேலைக்காரர் அறையில் உட்கார்ந்து ரொட்டியைப் பிட்டேன்.

அப்போது லிப்ட் திறந்தது. மிஸ் லிம். பின்னால் ஒரு ஜப்பான்காரத் தாத்தா, அவர் மனைவி, இரண்டு பெட்டி. பிளேன் சீக்கிரம் வந்துவிட்டதாம். முதல் நாள் ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை என்பது அந்த அம்மாவின் முகத்தில் தெரிந்தது.

"எந்த அறை தயார்?" என்று கேட்டார் மிஸ் லிம்.

நான் எழுந்து நின்றேன். எட்டுக் கதவும் திறந்து கிடந்தன. எட்டிலும் கட்டில் உரித்த கோழி மாதிரி கிடந்தது. நடையெல்லாம் அழுக்குத் துணி மூட்டை. மூன்று மணி நேரம் வேலை செய்திருக்கிறேன். ஒருவர் படுக்க ஓர் இடம் இல்லை.

மிஸ் லிம் திட்டவில்லை. இரண்டு நாற்காலியை இழுத்து நடையில் போட்டு அவர்களை உட்கார வைத்தார். கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு என்னை முதல் அறைக்குள் தள்ளினார். ஒரு பக்கம் அவர், ஒரு பக்கம் நான். அவர் விரிப்பை உதறினால் அது காற்றில் நின்று, தானாகச் சரியான இடத்தில் வந்து படுத்தது. மூலைகளை மட்டும் நான் மடித்தேன். நாங்கள் முடித்துவிட்டு வெளியே வந்தபோது அந்த அம்மா நாற்காலியிலேயே தூங்கிப்போயிருந்தார். அவர் சாய்ந்திருந்த தோளை நகர்த்தாமல் கணவர் தலையை மட்டும் எங்களுக்காகக் குனிந்தார். அந்த வணக்கம் என்னை அடிப்பதைவிட மோசமாக இருந்தது.

அவர்கள் கதவைச் சாத்திக்கொண்ட பிறகு மிஸ் லிம் கேட்டார்: "இப்படி வேலை செய்ய யார் சொல்லிக் கொடுத்தது? நான் இல்லை."

எனக்குத் தெரிந்த மலாயில் ரப்பர் மரத்தைப் பற்றிச் சொன்னேன். முதல் சுற்று, இரண்டாம் சுற்று, எல்லாம். அவர் முழுக்கக் கேட்டார்.

"எத்தனை மரம்?"

"ஐந்நூறுக்குக் கொஞ்சம் மேல்."

"தினமும்?"

"மழை இல்லாத நாளெல்லாம்."

கொஞ்ச நேரம் என் கையைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "மரம் உனக்காக அங்கேயே நிற்கும். மனுஷன் பெட்டியோடு வந்து நிற்பான். அரைகுறையாக எட்டு அறை எனக்கு எதற்கு? முடிந்த அறை ஒன்று கொடு. ஒரு கதவைச் சாத்தாமல் அடுத்த கதவைத் திறக்கக் கூடாது. இன்றைக்கே உன்னை அனுப்பியிருப்பேன். மூலை மடிப்பு நன்றாக இருக்கிறது, அதனால் சனிக்கிழமை வரை இரு. சனிக்கிழமை பார்க்கிறேன்."

சாயந்திரம் சேகர் ஒன்றும் கிண்டல் பண்ணவில்லை. அதிலிருந்தே நிலைமை எனக்குப் புரிந்தது. "திங்கக்கெழமைக்குள்ள போயிட்டா தோட்டத்துல பேரு இருக்கும்ல அண்ணே? அப்ப ஒன்னும் பிரச்சின இல்ல லா" என்றான். ஆமாம், பேர் இருக்கிறது என்று சொன்னேன். அதைச் சொன்னதும் கொஞ்சம் தைரியமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை ஒரு கதவு, ஒரு கட்டில், ஒரு தொட்டி என்று போனேன். கை பழைய பழக்கத்தில் அடுத்த கதவின் சாவியைத் தேடும். அதைப் பிடித்து இழுத்து வைக்க வேண்டியிருந்தது. அன்றைக்கு எட்டில் ஐந்துதான் முடிந்தது. மீதி மூன்றை மற்றவர்கள் முணுமுணுத்துக்கொண்டு வந்து முடித்துக் கொடுத்தார்கள். நாங்கள் தங்கின அறைக்கு வந்து பெட்டியில் சட்டைகளை மடித்து வைத்துவிட்டேன், காலையில் வேலை மிச்சம் என்று.

சனிக்கிழமை. முதல் அறையில் வேலை செய்யும்போதே ஒன்று கவனித்தேன். கட்டிலைச் சுற்றிச் சுற்றி ஓடுகிறேன், அதில்தான் நேரம் போகிறது. ஒரு பக்கம் முழுதும் முடித்துவிட்டு மறுபக்கம் போனால் ஒரே நடைதான். இரண்டாவது அறையில் அப்படிச் செய்தேன். நாலாவது அறைக்குப் போவதற்குள் கை தானாக வந்தது. ஆறாவது அறையில் யாரோ ஓர் ஆள் குளியல் தொட்டி நிறைய ஐஸ் கட்டி கொட்டி அதில் மூன்று அன்னாசிப்பழம் வைத்துவிட்டுப் போயிருந்தார். ஏன் என்று நின்று யோசிக்க ரொம்ப ஆசையாக இருந்தது. யோசிக்கவில்லை. மூன்று மணிக்குப் பத்து நிமிஷம் இருக்க எட்டாவது கதவைச் சாத்தினேன்.

மிஸ் லிம் எட்டில் மூன்றைத் திறந்து பார்த்தார். படச் சட்டத்தின் மேல் விரலை ஓட்டினார். கட்டிலுக்கடியில் குனிந்தார். தொட்டியில் ஒரு முடி இருக்கிறதா என்று வெளிச்சத்தைச் சாய்த்துப் பார்த்தார். கடைசி அறையில் திரைச்சீலையை ஓர் அங்குலம் இழுத்து நேராக்கினார். என் நெஞ்சு அந்த ஓர் அங்குலத்தோடு போய்விட்டது.

"திங்கட்கிழமை ஒன்பதாவது மாடி" என்றார்.

"அப்படியென்றால் நான் தேறிவிட்டேனா?"

"வராதே என்று சொன்னேனா?" என்று கேட்டுவிட்டு லிப்டுக்குள் போய்விட்டார்.

நாலு மணிக்குக் கிராணி ஐயா ஆபீஸ் டெலிபோன் பக்கத்தில் இருப்பதாகவும், அம்மாவை வரச் சொல்வதாகவும் ஏற்கெனவே ஏற்பாடு. சேகரும் தேறிவிட்டான். அவன்தான் பொது டெலிபோன் பக்கத்தில் நின்று சில்லறையைப் போட்டுக்கொண்டிருந்தான். உங்கள் அம்மா டெலிபோனில் பேசுவது அதுதான் முதல் தடவை. ஆற்றுக்கு அந்தக் கரையில் நிற்கிறவரைக் கூப்பிடுவது போலக் கத்தினாள்.

"என்னாங்க! என்னா ஆச்சு?"

"தேறிட்டேன்."

  அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"பார்வதி, நேரம் இல்ல, கேளு. இப்பவே மண்டோரு வீட்டுக்குப் போயி, நான் திங்கக்கெழம வரலேன்னு சொல்லிரு. பேர வெட்டச் சொல்லிரு."

"அது வெட்டியாச்சு."

"என்னா?"

"வியாழக்கெழம காலையில பெரட்டுல நிக்கறப்பவே சொல்லிட்டேன். காலி நெரைய எத்தன நாளைக்கு சும்மா போடறதுன்னு கேட்டாரு. வேற ஆளுக்குக் குடுத்துருங்க, அவரு திரும்ப மாட்டாருன்னுட்டேன்."

வியாழக்கிழமை காலை. நான் எட்டுக் கதவையும் வரிசையாகத் திறந்துகொண்டிருந்த அதே காலை. என் பேர் இருக்கிறது என்று சாயந்திரம் சேகரிடம் தைரியமாகச் சொன்னபோது அது ஏற்கெனவே இல்லை. 

"நான் தேறாம வந்துருந்தா என்னா பண்ணிருப்ப?"

"ஏன் தேற மாட்டீங்க? அங்க என்னா கெட்டுப் போச்சு?" என்று அவள் கேட்டாள்.

"ஒன்னும் இல்ல" என்று சொன்னேன். சேகர் என்னைப் பார்த்துவிட்டு, திரும்பிக்கொண்டு, கடைசிச் சில்லறையைப் போட்டான்.

செல்வி, இதை அம்மாவுக்கும் படித்துக் காட்டு. நான் டெலிபோனில் சொல்லாத அந்த வியாழக்கிழமை வரும்போது கொஞ்சம் நிறுத்தி, அவள் முகம் எப்படி இருக்கிறது என்று பார்த்து எனக்கு எழுது.